ஹாலிஸ் வைக்கும் பெயர்கள்

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் ஹாலிஸுக்கு என் பெயர் வரவில்லை. கரண்டியின் பெயரும் வரவில்லை, ஆகவே என்னை மட்டும் மறந்துவிட்டான் என்று கோபித்துக்கொள்ள வழியில்லை. உருளைக்கிழங்கு அறுவடையின் கடைசி வாரம் பக்கவாதம் வந்து கிடங்கில் சரிந்து விழுந்தான், அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில்தான். உயிர் பிழைத்தது, கால் பிழைத்தது, வலது கைகூடப் பாதி திரும்பிவிட்டது. பெயர்கள் மட்டும் போய்விட்டன. ஆளின் பெயர், பொருளின் பெயர், ஊரின் பெயர், எல்லாம்.

அவன் அக்கா எல்டா தெற்கே நகரத்தில் முதியோர் இல்லத்தில் கட்டில் பிடித்து வைத்திருக்கிறாளாம். எங்கள் கல்யாணத்துக்குக் கறுப்பு உடுத்தி வந்த எல்டா. "ஐலீன், தனக்கு என்ன வேணும்னு சொல்லத் தெரியாதவன வீட்ல வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?" என்கிறாள். டாக்டரும் கிட்டத்தட்ட அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு கூட்டம் போடுவார்களாம். முன்பின் தெரியாத ஆளுக்கும் புரியும்படி ஹாலிஸ் தன் தேவையைச் சொன்னால் வீடு. இல்லையென்றால் தெற்கே.

இன்று சூப் முழுவதையும் குடித்தான். அதற்கு நன்றி.

நவம்பர் 6

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். தெரேஸ் என்று பெயர். வடக்கே ஆற்றங்கரைப் பக்கத்து பிரெஞ்சுக்காரக் குடும்பம். படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பினாள். பால் ஊற்றும் சிறுமி, தரை கூட்டும் ஆள், நாயைக் குளிப்பாட்டும் கிழவி.

ஹாலிஸ் சிறுமியையே பார்த்தான். வாய் திறந்தது, மூடியது. நெற்றி வியர்த்துவிட்டது.

"பேர் வரலன்னா விட்டுடுங்க" என்றாள் தெரேஸ். "அது தானா வரட்டும். அவ என்ன பண்றா? அத மட்டும் சொல்லுங்க."

"ஊத்துது."

"அவ்வளவுதான்! இப்ப அத ஆளோட மாட்டுங்க. பொண்ணு, பால் ஊத்துற பொண்ணு."

எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் இங்கிலீஷ் பேச்சில் ஆள் முதலில் வந்து நிற்பாளாம், அவள் செய்கிற வேலை பின்னால் வால் மாதிரி வந்து ஒட்டுமாம். பெண், பால் ஊற்றிக்கொண்டு. மனிதன், கதவோரம் நின்றுகொண்டு. செய்கிற வால் ஒன்று, செய்யப்பட்ட வால் ஒன்று. லாரி, சேற்றில் மாட்டிக்கொண்டது. கோப்பை, போன வாரம் உடைந்தது. பிறந்ததிலிருந்து இப்படித்தானே பேசுகிறேன், இதற்கு ஒரு முறை உண்டென்று யாரும் சொன்னதில்லை. எட்டாம் வகுப்போடு என்னைக் கிழங்கு பொறுக்க அனுப்பிவிட்டார்கள். அனுப்பியது அப்பா. தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அம்மா. இரண்டும் நினைவிருக்கிறது.

நவம்பர் 7

"வெள்ளையா... நடக்குற... பொம்பளை" என்று நர்ஸைக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்தாள்!

நவம்பர் 12

இன்று காலை எல்டாவின் கார் எங்கள் வாசலுக்கு வந்து நின்ற கதையை ஹாலிஸிடம் சொன்னேன். "டோஸ்ட் சாப்பிட்டுக்கிட்டே எல்டா கார் வந்துச்சு" என்றேன்.

தெரேஸ் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "கார் டோஸ்ட் சாப்பிட்டுச்சா?"

"டோஸ்ட் சாப்பிட்டது நான்."

"வால் யார் பக்கத்துல உக்காருதோ அவங்களோடதான் ஒட்டிக்கும், மிசஸ் ஐலீன். நீங்க கார் பக்கத்துல உக்கார வச்சுட்டீங்க."

என் பேத்தி வயதுதான் அவளுக்கு. முகத்துக்கு நேரே திருத்துகிறாள். மனத்தில் குறித்துக்கொண்டேன், நான் மறக்கிறவள் இல்லை.

அப்போது கட்டிலில் ஒரு சத்தம். இருமுகிறான் என்று பதறிப்போய்த் திரும்பினேன். ஹாலிஸ் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. "கார்... மெல்லுற கார்" என்றான். விழுந்ததிலிருந்து அவன் சிரித்ததே இல்லை.

குறித்ததை அடித்துவிட்டேன். கார் மேசையில் உட்கார்ந்து வெண்ணெய் தடவிச் சாப்பிட்டதாகவே இருக்கட்டும்.

நவம்பர் 19

வெர்னா வந்தாள். எங்கள் வயலுக்கு அடுத்த வயல். என் பீன்ஸ் பானையைச் சர்ச் விருந்துக்கு வாங்கிப்போய் விரிசலோடு திருப்பித் தந்து, "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு டியர்" என்று சாதித்த வெர்னா. 1988 ஜூன். அன்று பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாள்.

ஹாலிஸ் அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான். "பொம்பளை" என்றான். கையை மேலிருந்து கீழே இறக்கினான், விரல்களை ஆட்டினான். "மழையில... கார் நிறுத்துன... பொம்பளை."

என்ன உளறுகிறான் என்று நான் பார்க்க, வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு?"

அவன் அம்மாவைப் புதைத்த அன்று. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது ஹாலிஸைக் காணவில்லை. கிடங்குக்குப் போயிருப்பான் என்று நான் இருந்துவிட்டேன். அவன் கொட்டும் மழையில் பெரிய சாலையில் நடந்துகொண்டிருந்தானாம். வெர்னா காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டாளாம். ஒரு வார்த்தை கேட்காமல், அவன் அழுது முடிக்கிறவரை ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாளாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"அவன் அழுதத நான் எதுக்கு டியர் சொல்லணும்? அதுவும் நீதான் அந்தக் கோடை முழுக்க எங்கிட்டப் பேசலியே."

அதே கோடை. பானையின் எந்தப் பக்கம் விரிசல் என்று கேட்டால் இப்போதும் விரலை வைத்துக் காட்டுவேன். இது மட்டும் என்னிடம் இல்லாமலே இருந்திருக்கிறது.

ஒரு ஆளுக்கு இரண்டு வால் ஒட்டலாமா என்று தெரேஸைக் கேட்டேன். எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாமாம்.

நவம்பர் 27, நன்றி நாள்

வான்கோழியை வெர்னா வறுத்துக்கொண்டு வந்தாள். காய்ந்துதான் போயிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, நன்றி மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 3

எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டான். தெரேஸ் "அட்டை போடுற பொண்ணு". டாக்டர் "பேனாவ டக்குடக்குன்னு அமுக்குற ஆளு". தரை துடைக்க வருகிறவனுக்குக்கூட "பாடிக்கிட்டே துடைக்கிறவன்". எனக்கு ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தால் கையை நீட்டுகிறான், அவ்வளவுதான்.

எனக்கு என்ன வால் ஒட்டுவான்? கத்துற பொம்பளையா? மொறச்சுக்கிட்டே நிக்கிற பொம்பளையா? ஒருவேளை எதுவுமே ஒட்டலியோ? இத்தன வருஷம் கூட இருந்தும் ஒண்ணு கூடவா தோணல இந்த மனுஷனுக்கு — சரி, போதும். அவன் என்ன வேண்டுமென்றா செய்கிறான்.

எல்டா தொலைபேசியில், "பொண்டாட்டியவே கூப்பிடத் தெரியலன்னா டாக்டர் எப்படி வீட்டுக்கு விடுவார்?" என்றாள். போனை வைத்துவிட்டேன். எனக்கும் அதே பயம்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 10

கூட்டம் முடிந்தது.

நீள மேசை. டாக்டர், தெரேஸ், எல்டா, நான், சக்கர நாற்காலியில் ஹாலிஸ். அவனைச் சோதிப்பதற்காகவே வேறு மாடியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்திருந்தார்கள், அவன் பார்த்திராத முகம். "உங்களுக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள்.

ஹாலிஸ் சுற்றிப் பார்த்தான். தோளைக் குறுக்கிக்கொண்டான். "அது... குளிர் விடுற... அது. திறந்து கிடக்குற..."

அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். டாக்டரின் பேனா நின்றது. தெரேஸ் மேசைக்கு அடியில் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லது. வீட்டுக்குப் போனா உங்கள யார் பாத்துக்குவாங்க, ஹாலிஸ்?" என்று கேட்டார் டாக்டர்.

அவன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றான்.

"பாத்தீங்கல்ல?" என்றாள் எல்டா. குரல் உடைந்திருந்தது. "பாத்தீங்கல்ல?"

ஹாலிஸ் இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினான். "பொம்பளை" என்றான். "உக்காந்திருக்கிற பொம்பளை. போன்னு சொன்னாலும்... போகாத பொம்பளை."

ராத்திரி நர்ஸுகள் பார்வை நேரம் முடிந்தது, போங்கள் போங்கள் என்பார்கள். நான் போனதில்லை. கண்ணை மூடிக் கிடந்தானே, கேட்டுக்கொண்டா இருந்தான்!

பிறகு மெல்ல எல்டா பக்கம் திரும்பினான். "அழுற பொம்பளை" என்றான். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவள் எழுந்து வந்து அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். "பயமா இருக்குடா, மடையா. நீ விழுந்து கிடந்து, கூப்பிடத் தெரியாமப் போயிட்டா?" என்றாள். கறுப்புக் கோட்டுதான் போட்டிருந்தாள். அது அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது, எப்போதும் போல.

சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

டிசம்பர் 13

வீட்டில் இருக்கிறான். பனி கொட்டுகிறது. நன்றி, நன்றி, நன்றி.

பிப்ரவரி 18

அடுக்களை அலமாரிக் கதவு தொங்கிப் போய்விட்டது. மாட்டிவிடலாம் என்று ஹாலிஸ் சொன்னான், ஒரு கை போதுமாம், மற்றக் கைக்கு நான் இருக்கிறேனாம். ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கவுண்டரில் புதிதாக ஒரு பெண்.

"என்ன வேணும் டியர்?"

"கதவப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறது. ரெண்டு வேணும்."

விழித்தாள். ஒரு கையை நேராக நிறுத்தி, இன்னொரு கையை அதன்மேல் திறந்து மூடிக் காட்டினேன்.

"ஓ, கீலா?"

"ஆமா. எங்க வீட்ல அப்படிச் சொல்றதில்ல."