பெட்டியோடு போன பதினெட்டு நாட்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு கடலும் நடுங்கும் கம்ப்யூட்டர் சர்வர் சக்கரவர்த்தியான உன் தம்பி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பதறாதே. எங்கள் மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் புது டேட்டாபேஸைப் பதினெட்டு நாளாக லினக்ஸ் சர்வரில் ஒரு கன்டெய்னருக்குள் ஓட்டுகிறேன். அது வேண்டும்போது தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளும் பெட்டி மாதிரி. அதனால் பதிவுகளைப் பெட்டிக்கு வெளியே, சர்வரின் டிஸ்கில் சேமிக்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். அண்டசராசரமும் வியக்கும் உன் தம்பி அதை எழுத மறந்துவிட்டான். நேற்று பழைய பெட்டியை அழித்துப் புதியதை ஏற்றினேன். பதினெட்டு நாள் நோயாளிகளின் பதிவுகள் அதோடு போய்விட்டன. வேறு நகலும் இல்லை.

“என்ன சார், ஒருத்தர் பேரையும் காணோம்? எல்லாரும் குணமாயிட்டாங்களா?” என்று வரவேற்பறைப் பெண் கேட்டாள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. மேலாளர் இன்று வரச் சொல்லியிருக்கிறார். அவர் அறை வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஒரு உதவி. சின்னவள் முதன்முதலாக என்னை ‘மாமா’ என்று கூப்பிட்டதைப் பதிவு செய்தாயே, அது உன் போனில் மட்டும்தானே இருக்கிறது? இன்றைக்கே எனக்கும் ஒரு நகல் அனுப்பிவிடு.

கதவு திறக்கிறது, கூப்பிடுகிறார்.

உன் தம்பி