சிவப்புக் கூறை தொங்கிய யன்னல்

அக்கா,

கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியை இன்று காலை இழுத்துத் திறந்தேன். நீங்கள் தந்த வெள்ளைக் கட்டில் விரிப்பு அடியில் அப்படியே இருக்கிறது. ஓரத்தில் உங்கள் ஓட்டலின் நீல நூல் அடையாளம். முகத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் சலவை அறையின் சவர்க்கார வாசம் எப்போதோ போய்விட்டது, பூச்சி உருண்டை மணம்தான் வருகிறது.

என் பேத்தி மலைக்குள் அகப்பட்டிருக்கிறாள், அக்கா. பல்கலைக்கழகத்தில் மலை, ஆறு, மண் எல்லாம் படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி என்று நான் இப்போது இருக்கிற தகனினியில் தெரிந்த ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டேன். இந்த நாட்டின் தென் தீவில் ஒரு பனிமலைப் பள்ளத்தாக்கைப் பார்க்க வகுப்போடு போனவள். முந்தாநாள் கடும் பனி கொட்டி வீதியை மூடிவிட்டார்களாம். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"அங்க சிக்னல் இல்லையம்மா. ரீச்சர்மார் கூட நிக்கினம். சும்மா யோசிக்காதேங்கோ" என்று மகள் காலையில் சொன்னாள். சொல்லிவிட்டுக் கார்த் திறப்பை வீடு முழுக்கத் தேடினாள். திறப்பு அவள் கையிலேயே இருந்தது.

அவளுக்கு நாங்கள் முன்பு இருந்த அந்தச் சுவிஸ் பள்ளத்தாக்கு நினைவில் இல்லை. அப்போது மூன்று வயது. எனக்கு மறக்குமா? யாழ்ப்பாணத்தில் குளத்தங்கட்டுக்கு மேல் உயரமான ஒரு மேட்டை நான் கண்டதில்லை. தோணியின் அடியில் நின்று மேலே பார்ப்பது போல இருந்தது அந்த இடம். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை. வெயில் விழுகிற பக்கத்தில் பழைய குடிகளின் கரிய மரவீடுகள், திராட்சைத் தோட்டம், நீங்கள் வேலை செய்த ஓட்டல். நிழல் பக்கத்தில் வாடகை குறைவு. அதனால் போர்த்துக்கல்காரர், கொசோவோ மேசன்மார், நாங்கள். கார்த்திகையில் போன சூரியன் மாசி மாதம்தான் எங்கள் பக்கம் திரும்பி வரும். வருகிற அன்று சனம் கதிரை கொண்டுவந்து தேவாலய முற்றத்தில் காத்திருக்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னம் அது மலைக்குப் பின்னால் போய்விடும். கீழ் ஊர்களில் பிரெஞ்சு, மேல் ஊர்களில் ஜேர்மன். அந்த ஜேர்மன் ஜேர்மன்காரருக்கே விளங்காது என்று நீங்கள்தான் சிரிப்பீர்கள்.

முதல் பனிக்காலத்திலேயே இந்த விரிப்பைத் தந்தீர்கள். "பெரிய பனி கொட்டினா, விடிய எழும்பின உடன இதை யன்னல்ல தொங்கவிடு பிள்ளை. வெள்ளை கண்டா அந்த வீட்டில எல்லாரும் சுகமெண்டு அர்த்தம். இஞ்சத்தைய ஆக்கள் அப்பிடித்தான்."

வாங்கி வைத்தேன். ஆனால் செத்த வீட்டுக்கல்லவா வெள்ளை கட்டுவது? கணவனும் குழந்தையும் இருக்கிற வீட்டு யன்னலில் என் கையால் வெள்ளை தொங்கவிடுவதா என்று மனம் பொறுக்கவில்லை.

பிறகொரு நாள் அந்தப் பெரிய பனி வந்து, இரண்டு நாள் விடாமல் கொட்டியது. இவர் கீழ் ஊரில் கோப்பை கழுவுகிற வேலைக்குப் போனவர், அங்கேயே மறிபட்டுவிட்டார். தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. நானும் குழந்தையும்தான். மூன்றாம் நாள் விடிய, எதிர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வெள்ளை தொங்குவதைக் கண்டேன். நானும் ஏதாவது போட வேண்டும். பெட்டியைத் திறந்தேன். வெள்ளையை ஒதுக்கிவிட்டு என் கலியாணக் கூறைச் சேலையை எடுத்தேன். நல்ல சிவப்பு. மங்கலமாக இருக்கட்டும் என்று யன்னலில் விரித்துக் கட்டிவிட்டு, உள்ளே போய்ப் புட்டு அவிக்கத் தொடங்கினேன்.

சிவப்பு என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் "உயிர் போகிறது, வாருங்கள்" என்று அர்த்தம். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். கயிறு கட்டிய நான்கு ஆண்கள். அவர்களுக்கு நடுவில் நீங்கள், ஓட்டலில் போடுகிற சப்பாத்தோடு. தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம், வருகிறேன் என்று உடனே இறங்கிவிட்டீர்களாம். பாலத்துக்கு இங்கால் சரிவைத் தாண்டி வருகிறபோது, நீங்கள் நடந்து முடித்த பாதையைப் பனி அப்படியே வாரிக்கொண்டு போயிருக்கிறது. அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். இடி என்று நினைத்துப் புட்டைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், குழந்தையைப் பார்த்தீர்கள், யன்னலில் கூறையைப் பார்த்தீர்கள். விளங்கிவிட்டது உங்களுக்கு. அந்த ஆண்களில் ஒருவர் கோபமாக ஏதோ கேட்டார். நீங்கள் என்ன மறுமொழி சொன்னீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். ஐந்து பேரும் புட்டுச் சாப்பிட்டீர்கள்.

"நீ உயிரோட இருக்கிறாய். அது காணும்" என்றீர்கள்.

பனியில் விறைத்துக் கருகிய இடது கால் விரல் இரண்டை வைத்தியர்கள் எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். "எடி, பத்து விரலும் எனக்கு என்னத்துக்கு? மிஞ்சி போட்டுவிட ஆரும் வரிசையில நிக்கிறாங்களோ?" என்று கேட்டீர்கள். அழுகையோடு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு நின்று வேலை செய்ய முடியாமல், கதிரையில் இருந்து துணி ஸ்திரிக்கை போடுகிற வேலைக்கு மாறினீர்கள். ஒருநாளும் அந்தக் கூறையைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவில்லை. போன மாதம் நீங்கள் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தபோது, நானாவது திறந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அதனால்தான், பேத்தி பை அடுக்கியபோது அவளைப் பக்கத்தில் இருத்தி எல்லாம் சொன்னேன். பனியாறு அரைத்து அரைத்துத்தான் அப்படியான பள்ளத்தாக்கு உண்டாகிறது என்று அவள் எனக்குப் படம் கீறிக் காட்டியவள். கூறைக் கதையைக் கேட்டதும் பென்சிலை வைத்துவிட்டாள்.

"ஸோ, நான் எது கொண்டுபோக, அம்மம்மா? வைற்? ரெட்?"

"ஒண்டும் கொண்டுபோக வேண்டாம். போன உடன அங்கத்தைய ஆக்களிட்டக் கேள். பனி வந்தா நீங்கள் என்ன செய்வீங்கள் எண்டு கேள். எனக்குத் தெரியும் எண்டு நினையாத."

"ஓகே, ஓகே" என்றாள். காதில் விழுந்ததோ இல்லையோ தெரியவில்லை. அவள் என் பேத்தி. என் திமிரும் கொஞ்சம் அவளிடம் இருக்கும். மூன்று நாளாக நான் பயப்படுவது பனிக்கு மட்டுமல்ல, அதற்கும்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் வேலையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். மூச்சு வாங்கியது. மலைக்குடிலைப் பார்க்கிற மனிதர் தன் ரேடியோவில் செய்தி அனுப்பியிருக்கிறாராம். எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். சரிவில் பனி இன்னும் இறுகவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் இறக்குவார்களாம். சில பேர் நேற்று நடந்தே இறங்கிவிடலாம் என்று வெளிக்கிட்டார்களாம். பேத்திதான் அந்த மனிதரிடம் போய், இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். போகவேண்டாம் என்று அவர் மறித்துவிட்டார்.

"உங்களிட்ட ஒண்டு சொல்லச் சொன்னவளாம்" என்றாள் மகள். "'நான் கேட்டனான் எண்டு அம்மம்மாட்டச் சொல்லுங்கோ' எண்டு."

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அக்கா. பயம் எங்கேயும் போகவில்லை. வாசலால் ஒரு லொறி போனாலும் அந்த இடிச் சத்தமாகத்தான் கேட்கிறது.

விரிப்பை உதறி, முன் யன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டும். வெள்ளை, அக்கா. என் கையாலேயே கட்டினேன். இந்த முறை நீங்கள் இறங்கி வர வேண்டாம்.