ஆணியில் தொங்கும் லைஃப் ஜாக்கெட்

என் அன்புக் கணவனுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நம் குட்டி லொரெட்டா இப்போதுதான் தூங்கினாள்.

இன்று படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு விளிம்பில் போய் நின்றாள். "போடுடி!" என்று கத்தினேன்.

"அப்பா மட்டும் போடறதே இல்ல! மூழ்கினா நேரா இயேசுகிட்டதான் போவேன்னாரே. நானும் போறேன்."

நாலு வயது! பக்கத்தில் நின்ற போதகர், "என்ன விசுவாசம் பாரும்மா!" என்று சிரித்தார். அவர் மட்டும் தன் ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படகில் ஏறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரலோகத்தை நானும் நம்புகிறேன். அது எங்கேயும் ஓடிப்போகாது. இந்த உடம்பையும் ஆண்டவர்தானே கொடுத்தார், கடலுக்குத் தீனி போடவா?

நீ லாப்ரடார் கடற்கரைக்கு மீன்பிடிக்கப் போன அன்றிலிருந்து உன் ஜாக்கெட் சமையலறை ஆணியிலேயே தொங்குகிறது. நாளை சரக்குப் படகில் அனுப்புகிறேன். அதைப் போட்டுக்கொண்டு, போட்டேன் என்று அவளுக்கு உன் கையால் எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டாள். சீக்கிரம் பதில் போடு.

உன் மனைவி