நடிப்பைச் சொல்லும் பத்து வாக்கியங்கள்

என் ஜெசிக்கு,

உன் ஜப்பானிய நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. நீ போய் மூன்று மாதம் கழித்து, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு வேலம்பாளையத்தில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலனியில் தண்ணீர் வந்த நேரம். அம்மா குடங்களை உள்ளே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை நீட்டினார்கள்.

"ஆஸ்பத்திரில கடைசியா இதுலதான் எழுதிக்கிட்டுக் கிடந்தா. முழுக்க ஜப்பான் எழுத்து. வாசிச்சுச் சொல்லும்மா."

பார்த்ததுமே தெரிந்தது. நம் கம்பெனிக்கு ஆர்டர் தரும் ஜப்பான் பையரோடு இடையில் ஆளில்லாமல் பேச வேண்டும் என்று நாம் சேர்ந்தோமே, அந்த ஜப்பானிய மொழி மேல்நிலை வகுப்பில் பாசாங்கைச் சொல்லும் வடிவங்களுக்கான பாடம். நீ அட்மிட் ஆன வாரம் நான்தான் அச்செடுத்து வந்து உன் கட்டிலில் வைத்தேன். தெரிந்தும் தெரியாதவள்போல் இருந்தால் 'ஃபுரி'. இல்லாத பெருமையைக் காட்டிக்கொண்டால் 'புரு', அதில் கொஞ்சம் குத்தலும் உண்டு. உள்ளே நொறுங்கிக்கொண்டே வெளியே திடமாகக் காட்டிக்கொண்டால் 'ட்சுயோகரு'. நான் பட்டியல் போட்டுப் படித்தேன். நீ, "இம்புட்டு எதுக்கு புள்ள? சீன் போடுறான்னு சொன்னா முடிஞ்சுது" என்றாய்.

வீட்டுப்பாடம் பத்து வாக்கியம். முதலாவதை வாசித்தேன்: "பையர் வரும் நாளில் எங்கள் ஃபுளோர் இன்சார்ஜ் முதலாளி ஆகிவிடுகிறார்." அம்மா சிரித்துவிட்டார்கள். "அந்தக் கண்ணாடிக்காரனா? சரியாத்தான் எழுதிருக்கா." இரண்டாவது, வகுப்பில் புரியாவிட்டாலும் தலையாட்டும் தோழியைப் பற்றி, என்னைத்தான். அதையும் வாசித்தேன். வேறு வழி?

மூன்றாவதை மனசுக்குள் வாசித்ததும் நின்றுவிட்டேன்.

"எனக்கு ரத்தக்குறைவு மட்டும்தான் என்று அம்மா நடிக்கிறாள். நான் நம்புவதாக நடிக்கிறேன்." அடுத்தது: "அம்மா திடமாகக் காட்டிக்கொள்கிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். எனக்குக் கேட்கிறது."

உனக்குத் தெரிந்திருந்ததா ஜெசி? நான் வந்து உட்கார்ந்து, "முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொன்ன சாயங்காலங்களிலுமா?

"ஏன் நிப்பாட்டிட்ட?"

"மிச்சமெல்லாம் சும்மா பயிற்சிங்கம்மா. பாடத்துல இருக்கறத அப்படியே எழுதி வெச்சிருக்கா."

இரக்கம் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அம்மா நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, "டாக்டர் சொன்னத நான் அவகிட்ட சொல்லலம்மா. ஒண்ணும் தெரியாமலே போயிட்டா. நாலு வார்த்தை பேசணும்னு அவளுக்கும் இருந்திருக்கும்லா? எம் பிள்ளைய நானே ஏமாத்திட்டேன்" என்றார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் நோட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஐந்து நாளாக அதே யோசனை. கம்பெனியில் உன் மேசையில் இப்போது சாம்பிள் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். அதைத் தாண்டும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்றுதான் அந்த மொழியில் எழுதினாயா? இல்லை, என்றாவது நான் அவர்களுக்கு வாசித்துச் சொல்வேன் என்று தெரிந்தேவா? சொன்னால், நீ அவ்வளவு பாடுபட்டுக் காத்ததைக் கலைத்தவளாவேன். சொல்லாவிட்டால், உன்னை ஏமாற்றியதாகவே நினைத்து அவர்கள் மீதி வாழ்க்கையைக் கழிப்பார்கள். நீ ஏமாறவே இல்லையே.

மிச்சத்தை நாளுக்கு ஒன்றிரண்டாய்த்தான் வாசிக்க முடிந்தது; நேற்றுதான் பத்தாவதுக்கு வந்தேன். முதல் மாதத்தில் படிக்கும் சொற்கள்: "அம்மா பக்கத்தில் இருப்பதால் எனக்குப் பயமில்லை." பாடத்தில் வந்த எந்த வடிவமும் அதில் இல்லை. வகுப்பில் காட்டியிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் மதிப்பெண் கிடைத்திருக்காது.

இந்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து அம்மா திரும்பியதும் போகிறேன். நான் சொன்ன பொய்யை முதலில் சொல்கிறேன். பிறகு மூன்றாவதிலிருந்து ஒன்றையும் விடாமல் வாசிக்கிறேன். பத்தாவதை அவர்கள் எத்தனை தடவை கேட்டாலும் அத்தனை தடவை. இதில் உனக்குக் கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள், அவர்கள் மேல் வேண்டாம்.

உன் அம்மா இப்போது 'சின்னவளே' என்று கூப்பிடும்
நந்தினி