சுவரைப் பார்த்த பானைகள்

1997 ஜனவரி 2
பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. தையல் டீச்சருக்கு வீட்டில் உட்கார்ந்து மனம் புழுங்குவதைத் தவிர என்ன வேலை?

நேற்று புத்தாண்டு விருந்து ஸ்டீபன்ராஜ் அண்ணன் வீட்டில். வீடு என்ன வீடு, எங்கள் வீட்டின் மறுபாதிதான். அப்பா போன பிறகு நடுவில் ஒரு மெல்லிய சுவர் எழுப்பினோம். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். என் பழைய டேப்ரிக்கார்டரை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் ஆட ஆரம்பித்தன. அண்ணன் வந்து பட்டென்று நிறுத்தினான். "இந்தத் தகர டப்பால என்ன எழவு கேக்குது? எடுத்துட்டுப் போ செல்வி." சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு குவைத்திலிருந்து கொண்டுவந்த தன் செட்டை ஓடு அதிரப் போட்டான்.

தகர டப்பாவாம்! இருக்கட்டும். ராத்திரி பகலா அவன் காதுல விழுற மாதிரி ஒரு செட்டு வாங்கல, நான் சகாயசெல்வி இல்ல.

ஜனவரி 9
கடைகளில் விலை கேட்டதற்கே தலை சுற்றியது. கடைசியில் பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் முகமது பாரூக்கிடம் போனேன்.

"கம்பெனி செட்டு எதுக்குக்கா? ஆம்ப்ளிஃபயர் நான் அசெம்பிள் பண்ணித் தாரேன். ஒங்க டேப்பையே அதுல மாட்டிக்கலாம். ஸ்பீக்கருக்கு ரெண்டு மண்பானை வாங்கிட்டு வாங்க."

"பானையா?"

"பெட்டிய விட அதுலதான் சத்தம் கும்முனு வரும்."

"பக்கத்து வீட்டுக்குக் கேக்குமா?" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 18
செம்பட்டி சந்தையில் பானை பானையாகத் தட்டிப் பார்த்தேன். விற்கிற அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, தண்ணி ஊத்தத்தான வாங்குற?" பாட்டு ஊத்த என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

பிப்ரவரி 1
செட் தயார். பாரூக் வந்து மாட்டிக் கொடுத்தார். பானை வாயில் ஸ்பீக்கர், பானை உருளாமல் இருக்க அடியில் பிரிமணை.

பொய் சொல்லக் கூடாது. முதல் பாட்டிலேயே என் கோபம் எங்கோ போய்விட்டது. எத்தனையோ வருடம் கேட்ட கேசட்தான். அதில் இப்படி ஒரு தபேலா இருந்ததே எனக்குத் தெரியாது. அடிவயிற்றில் வந்து தட்டியது.

அப்புறம் கோபம் திரும்பி வந்தது. பானைகளைப் படுக்கப் போட்டு, வாய் இரண்டையும் நடுச்சுவரைப் பார்த்துத் திருப்பினேன். வால்யூம் முழுசு. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

பிப்ரவரி 3
அந்தப் பக்கம் மூச்சே இல்லை. சண்டைக்கு வருவான் என்று பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். வரவில்லையே!

பிப்ரவரி 14
தவக்காலம் தொடங்கிவிட்டது, சினிமாப் பாட்டு கூடாது. போகட்டும், சிலுவைப்பாதைப் பாட்டையே போட்டுத் தாக்கினேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். அவனை மன்னிக்க வேண்டாம்.

மார்ச் 8
தண்ணீர்க் குழாயடியில் ரோசலின் மதினி. வேண்டுமென்றே கேட்டேன்: "சத்தம் ரொம்ப தொந்தரவா இருக்கா மதினி?"

"தொந்தரவா? நீ போடுறதுக்கு முந்தியே ஒங்கண்ணன் சேரைச் சுவத்தோட போட்டுச் சாஞ்சிக்கிறாரு. பாட்டு முடியிற வரைக்கும் எந்திரிக்கவே மாட்டேங்குறாரு."

ரசிக்கிறானாம்! நான் பாடுபட்டு வச்ச செட்டுல அவனுக்கு ஓசிப் பாட்டு! வந்த வேகத்தில் பானைகளைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தேன். சத்தத்தையும் குறைத்துவிட்டேன். ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகக் கூடாது.

மார்ச் 11
தனியாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 16
மதினி வந்தார். "செட்டு ரிப்பேரா செல்வி? அவரு தினமும் சுவத்தைத் தடவிப் பாத்துட்டு எந்திரிச்சுப் போறாரு."

"அதான் குவைத் செட்டு இருக்கே" என்றேன்.

மதினி அழுதுவிட்டார். அண்ணனுக்குக் காது போய்விட்டதாம். குவைத்தில் அத்தனை வருடமும் ஜெனரேட்டர் ரூமில் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது சுத்தமாக இல்லை. "புத்தாண்டன்னைக்கு பிள்ளைக ஆடுது, அவருக்கு ஒண்ணுமே கேக்கல. பயந்துட்டாரு. தன்னோடதைப் போட்டு வச்சுப் பாத்தாரு, அதுவும் கேக்கல. அன்னையிலருந்து அதைத் தொடுறதே இல்ல. ஒம் பாட்டு மட்டும் சுவத்து வழியா முதுகுல ஏறுதுங்காரு. யாருகிட்டயும் சொல்லிராத."

அவர் போன பிறகுதான் கோபம் வந்தது. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்ல வேண்டியதுதான? எதுக்கு ஊரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தணும்? காது போனா வாயி அப்படித்தான் பேசுமா?

மார்ச் 19
இன்றும் கோபம்தான். பாட்டுப் போடவில்லை.

மார்ச் 30
ஈஸ்டர். பூசை முடிந்து வந்ததும் ஒரு பானையை மட்டும் தூக்கி நடுச்சுவரோடு ஒட்டி வைத்தேன். இன்னொன்று எனக்கு. தபேலா கும்மென்று விழுகிற பாட்டாகத் தேடி எடுத்தேன்.

செத்த நேரத்தில் அந்தப் பக்கம் சேர் இழுபடும் சத்தம் கேட்டது. தகர டப்பா என்று சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வால்யூமை முழுசாகக் கூட்டினேன்.