இடப்பக்கம் இல்லாத அண்ணன்

12 மார்ச் 84, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. துவைத்துப் போட்டதெல்லாம் பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி. மினி பஸ்ஸில் ஏற்ற முடியாது, டாக்சிதான்.

பக்கவாதம் வந்து ஏழு வாரம். கால் தேவலை, கம்பை ஊன்றி நடக்கிறார். இடது கை மட்டும் மடியில் கிடக்கிறது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

பயிற்சி கொடுக்கும் சீனப் பெண், மிஸ் லிம், ஒரு தாளை வைத்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றையும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு வெட்டு என்றாள். அண்ணன் வலது பாதியில் உள்ளதை மட்டும் வெட்டிவிட்டு, முடிந்தது என்று பென்சிலை எறிந்தார். இடது பாதியில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாதி மலாய் பாதி இங்கிலீஷில் விளக்கினாள். புரிந்துகொண்டது:

கண்ணில் கோளாறு இல்லை. கண் பார்க்கிறது, மூளை எடுத்துக்கொள்வதில்லை. அடி பட்டது மூளையின் வலப்பக்கம், அதனால் போனது உலகத்தின் இடப்பக்கம். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாது. கேட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பார். பொய் சொல்லவில்லை, மூளை அவரிடம் அப்படித்தான் சொல்கிறது.

நான் செய்ய வேண்டியது: இடப்பக்கம் உட்கார்ந்து பேச வேண்டும். தட்டு, பேப்பர் எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன். சிவப்பைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பாடு, படிப்பு. தினமும் விடாமல். முதல் சில மாதத்தில்தான் நன்றாகப் பிடிக்குமாம்.

திரும்பும்போது டாக்சியில் அவளைத் திட்டித் தீர்த்தார். முப்பது வருஷம் ரயில்வேயில் கணக்குப் பார்த்தவனிடம் கோடு வெட்டச் சொல்கிறாளாம்.

ரிப்பன் ஒரு கஜம் வாங்கினேன்.

14 மார்ச், புதன்

ரிப்பன் கட்டியாயிற்று. சொல்லிச் சொல்லிக் காட்டினால் திரும்புகிறார், உடனே மறந்துவிடுகிறார். பேப்பரில் ஒவ்வொரு வரியிலும் பின்பாதியை மட்டும் படிக்கிறார். படித்துவிட்டு, எழுதியவனுக்குத் தமிழே தெரியவில்லை என்று ஏச்சு. அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

முகச்சவரமும் பாதிதான். மீதியை நான் வழித்துவிடுகிறேன். சட்டையின் இடது கை, இடது கால் செருப்பு, இடது பக்கத் தலைமுடி, எல்லாம் என் வேலை.

மத்தியானம் அவருக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து பார்வதி அக்காவின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். மூன்றடி தூரம். மஞ்சள் சேலை. அண்ணன் வலப்பக்கச் சுவரைப் பார்த்து, வசந்தா, எங்கே தொலைந்தாய் என்றார். இந்த வீட்டில் யாருடைய கண்ணிலும் படாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். காலை நீட்டி, தலையைச் சொறிந்து, முறுக்கு ஒன்றைச் சத்தம் வராமல் ஊறவைத்துத் தின்றேன். அப்புறம் வெட்கமாகப் போய், இதோ இருக்கிறேன் அண்ணே என்றேன்.

17 மார்ச், சனி

எழுத்து கோணலாக வருகிறது. வந்தால் வரட்டும்.

பார்வதி அக்கா ரவிக்கை வாங்க வந்தாள். எதிர் பிளாக்கில் இருப்பவள், கிள்ளானில் சொந்தம் உள்ளவள். கதவுக்கு வெளியே நிறுத்திச் சேதி சொன்னாள். கிள்ளான் மாணிக்கத்துக்கு மனைவி இறந்து இரண்டு வருஷம். என்னைப் பற்றி விசாரித்தாராம். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றதும், தன் அக்காவைப் பெண் கேட்க அனுப்பட்டுமா என்று கேட்டாராம்.

அறுபத்தாறில் என்னைப் பெண் பார்த்துப் போனவர். எனக்கு இருபத்தைந்து. நான் கொடுத்த டீயை அடிமண்டி வரை குடித்தார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் சேதியே இல்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்றார் அண்ணன். நம்பினேன்.

இன்று பார்வதி அக்கா சொன்னது: "ஜாதகமா? உனக்கு வலிப்புன்னு உங்கண்ணன்தானே சொல்லி அனுப்பினாரு. அன்னிக்கே கிள்ளான்ல எல்லாருக்கும் தெரியும்லா. உனக்குத் தெரியாதா?"

எல்லாருக்கும் தெரியும். வலிப்பு உள்ளவளுக்குத்தான் தெரியாது.

ஒன்பது வயதில் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் ஒரு தடவை மயங்கி விழுந்தேன். சோடா கொடுத்தார்கள், எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் என் வலிப்பு.

அண்ணி செத்துப்போனது அதே வருஷம், பெண் பார்க்க வந்ததற்கு இரண்டு மாதம் முன்னால். பிள்ளைகள் கிடையாது. யார் சமைப்பது, யார் துவைப்பது. கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது.

பதினெட்டு வருஷம் குழம்பு வைத்திருக்கிறேன். பாவி.

மாணிக்கத்தின் அக்காவை வரச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு. அண்ணனிடம் கேட்கவில்லை.

18 மார்ச், ஞாயிறு

ரிப்பனை அவிழ்த்துத் தையல் துணி மூட்டையைக் கட்டிவிட்டேன்.

பாசார்க் கடையில் மீன் நன்றாக இருந்தது. பொரித்துத் தட்டில் இடப்பக்கம் வைத்தேன். சோறும் கீரையும் வலப்பக்கம்.

மீன் வாங்கவில்லையா என்று கேட்டார். வாங்கவில்லை அண்ணே என்றேன். அவர் தட்டிலிருந்தே எடுத்து, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தபடியே தின்றேன். வாசனை வருகிறதே என்றார். பக்கத்து வீடாக இருக்கும் என்றேன். இவ்வளவு ருசியாக மீன் தின்று எத்தனை நாள் ஆயிற்று.

இன்று இந்த வீட்டில் இல்லாமல் போனவை: மீன் இரண்டு துண்டு, அப்பளம், மூக்குக்கண்ணாடி, ரேடியோ, நான்.

21 மார்ச், புதன்

இடியோடு மழை, சாயங்காலம் வரை.

அண்ணனின் இடது தோள் கதவு நிலையில் இடித்துக் கன்றிப் போயிருக்கிறது. முழங்காலிலும் காயம், ஸ்டூலில் முட்டியது. ஸ்டூலை நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. கதவை யாரோ மாற்றி வைத்துவிட்டதாக என்னைத் திட்டினார். பாவமாக இருந்தது, மருந்து தடவும் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் பயம். இவருக்கு வாய் நன்றாக இருக்கிறது. மறுபடியும் வலிப்பு என்று ஒரு வார்த்தை போட்டால் தீர்ந்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இவர் இருக்கிற மாதிரியே உட்காரவைப்பது. முகத்தில் பாதி தாடி, சட்டையில் பாதி கை. இந்த ஆள் சொல்வதை யார் நம்புவார்கள்? பைத்தியத்தின் பேச்சு என்று விட்டுவிடுவார்கள்.

25 மார்ச், ஞாயிறு

அவரே சவரம் செய்துகொண்டார். நான் கத்தியைத் தொடவில்லை. வலது கன்னம் மாப்பிள்ளை மாதிரி, இடது கன்னம் மூன்று நாள் தாடி. சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்து, மறுபாதி முதுகில் தொங்கிற்று. கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பதினொரு மணிக்குப் பார்வதி அக்காவும், மாணிக்கத்தின் அக்கா ராசம்மாவும். நல்ல மனுஷி. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்ததும் கையை விட்டாள்.

எல்லோருக்கும் வாழை இலை. முறைப்படிதான் பரிமாறினேன், நுனி இடப்பக்கம். உப்பு, ஊறுகாய், கூட்டு இடது ஓரத்தில், எல்லா வீட்டிலும் வைப்பது போல. என் மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அண்ணன் வலப்பக்கம் இருந்த சோற்றை மட்டும் தின்றார், கத்தியால் வெட்டியது போல் பாதிச் சோறு அப்படியே நின்றது. உப்பு வைக்கவில்லை, ஊறுகாய் வைக்கவில்லை, வந்தவர்களுக்கு முன்னால் இப்படியா பரிமாறுவது என்று என்னைத் திட்டினார். ராசம்மா அவர் இலையில் இருந்த உப்பைப் பார்த்தாள், பார்வதி அக்காவைப் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அப்புறம் ராசம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். உங்கள் தங்கை போய்விட்டால் உங்களைப் பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டாள். நான் ரசக் கரண்டியோடு அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன்.

"எனக்கு என்னம்மா கொறை? ஒரு கொறையும் இல்ல. தனியா இருந்துக்குவேன். தாராளமா கூட்டிட்டுப் போங்க. தங்கமான பொண்ணு."

தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துச் சொன்னார்.

வலிப்பு என்ற பேச்சே இல்லை. மிஸ் லிம் அன்றைக்கே சொன்னாளே, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இவர் மூளை சொல்லும் என்று. ஒன்றும் ஆகாத மனிதருக்கு நான் எதற்கு? என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பதினெட்டு வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை, அதுவும் கெட்டுப்போன மூளை சொன்னது. அந்த நேரத்தில் அவர் கன்னத்தை வழித்துவிட்டிருக்கலாமே என்று இருந்தது.

ராசம்மா ரசம் வேண்டாம் என்றுவிட்டாள். போகும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றாள்.

28 மார்ச், புதன்

பார்வதி அக்கா படியேறி வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது.

வேண்டாமாம். அண்ணனுக்கே தலை இப்படியிருந்தால், தங்கைக்கு வலிப்பு என்று அன்று சொன்னது பொய்யாகவா இருக்கும் என்று ராசம்மா கேட்டாளாம். மாணிக்கம் ஒன்றும் பேசவில்லையாம். "ரத்தத்துலயே இருக்குதுன்னு சொல்றாங்க வசந்தா. மூளக் கோளாறுள்ள குடும்பமாம்."

இது ரத்தக்குழாய் அடைப்பு, பரம்பரைப் பைத்தியம் இல்லை என்று மிஸ் லிம் சொன்னதெல்லாம் எடுத்துச் சொன்னேன். எனக்குப் புரிகிறது, அவர்களுக்கு யார் புரியவைப்பது என்றாள். ரவிக்கைக் கூலியைக்கூட வாங்க மறந்தேன்.

அவர் ஒரு தடவை கெடுத்தார். இந்தத் தடவை நானே கெடுத்துக்கொண்டேன். வேலைக்காரி கெட்டிக்காரி, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்குக் குழாய்? அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாலே போதும்.

2 ஏப்ரல், திங்கள்

ஆஸ்பத்திரி. அதே தாள், அதே கோடுகள். போன தடவையைவிட இரண்டு குறைவாக வெட்டினார். ரிப்பன் கட்டுகிறீர்களா என்று மிஸ் லிம் கேட்டாள். கட்டுகிறோம் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரைப் போன்றவர்கள் இதற்குள் எவ்வளவோ தேறிவிடுவார்கள் என்றாள்.

இன்று முதல் மறுபடியும் ரிப்பன், பயிற்சி. பாசத்தால் இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வலப்பக்கம் போய் நின்றே கேட்கலாம், முகம் தெரியும். ஆனால் இந்த அரைமனிதரிடம் கேட்டால் எனக்கு என்ன கிடைக்கும்? முழு ஆளாக என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒளித்து வைத்த பக்கத்திலிருந்து நான் பேச வேண்டும், அவர் தேடி வந்து பார்க்க வேண்டும்.

6 ஏப்ரல், வெள்ளி

டீயை இடப்பக்கம் வைக்கிறேன். கண்டுபிடித்தால் டீ, இல்லாவிட்டால் ஆறிப்போகும், கொட்டிவிடுவேன். இன்று மூன்று டீ கொட்டினேன். கரண்டியால் மேசையைத் தட்டி, சிவப்பு எங்கே, தேடுங்கள், தேடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றார். வலிக்கட்டும்.

10 ஏப்ரல், செவ்வாய்

அழுதுவிட்டார். அம்பத்தினாலு வயது ஆண்பிள்ளை, ஒரு டீக்கு. விடவில்லை. கடைசியில் தலை திரும்பிற்று, கோப்பையைப் பிடித்தார், எப்போது வைத்தாய் என்று கேட்டார். அப்போதே என்றேன்.

14 ஏப்ரல், சனி

வருஷப் பிறப்பு. இலையில் இடப்பக்கம் பாயசம், ரிப்பன் இல்லாமல். தானாகவே திரும்பி எடுத்தார். உப்பையும் தொட்டுக்கொண்டார். இடது கன்னத்திலும் பாதி வழித்திருக்கிறார். கடுமையாக வாத்தியார் வேலை பார்த்தால் பலன் இருக்கிறது.

22 ஏப்ரல், ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. மேரி டீச்சருக்குத் தைக்க வேண்டிய மூன்று ரவிக்கை பாக்கி.

நாலு மணிக்கு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். சத்தம் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே தலையைத் திருப்பினார். முதலில் மடியில் கிடந்த இடது கையைப் பார்த்தார். மூன்று மாதத்தில் இன்றுதான் பார்க்கிறார். வலது கையால் அதைத் தூக்கினார், விட்டார், தொப்பென்று விழுந்தது. முகம் வெளிறிவிட்டது. பயந்துபோய் நிமிர்ந்தவர் கண் என் மேல் பட்டது. நேராக, என் முகத்தில்.

கிள்ளான்காரர்களிடம் எனக்கு வலிப்பு என்று சொல்லி அனுப்பியது நீங்கள்தானே என்றேன்.

கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஆமா. அவ செத்து ரெண்டு மாசம். நீயும் போயிட்டா நான் என்ன பண்றது?"

வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போல. அப்புறம் மறுபடியும் அந்தக் கையைப் பார்த்தார்.

"அன்னிக்கு வந்தாங்களே, அவங்ககிட்ட வரமாட்டேன்னு சொல்லிடு. என்னால தனியா முடியாது."

சொல்லியாயிற்று என்றேன்.

டீ கேட்டார். போட்டேன். கோப்பையை நன்றாகத் தள்ளி, இடது ஓரத்தில் வைத்தேன். தலையைத் திருப்பி எடுத்துக் குடித்தார்.