எட்டுப் பேர் வேலை

அண்ணாச்சி,

மழைக்கு முன்னால் கூரைக்குப் போடத் தார்ப்பாய் வாங்கலாம் என்று இன்று தாராவிக்குப் போனேன். கடைக்காரன் புதுச் சுருளை விரித்ததும் நம் ராணுவக் கொள்முதல் ஆபீஸ் வாசனை. அப்படியே நின்றுவிட்டேன். "க்யா சாச்சா, லேனா ஹை கி நஹி?" என்று அவன் ஹிந்தியில், வாங்குவேனா மாட்டேனா என இரண்டாம் தடவை கேட்டபோதுதான் காதில் விழுந்தது.

நான் அங்கே பியூனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். கோவண்டியில் என் தெருக்காரர்களுக்குத் தெரியாது. எல்லையில் நிற்கிற கூடாரத்தில் பாதி நான் பார்த்து அனுப்பியது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு ஜெனரல் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்த கதையும் உண்டு. நீங்கள் இருந்தால், "சீனி எத்தன கரண்டிவே போட்டாரு?" என்று கேட்டிருப்பீர்கள். இப்போது கேட்க ஆளில்லை. கதை பாட்டுக்கு வளர்கிறது.

நம் செக்‌ஷனில் உங்களோடு சேர்த்து எட்டு கிளார்க்குகள். வந்த கூடாரத் துணியை அரக்கு முத்திரை வைத்த மாதிரியோடு சேர்த்துப் பிடித்து, விரலால் தேய்த்து, மோந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவீர்கள். "பனியில கெடக்குத பய மேல ஒழுகிறப்பிடாதுவே" என்பீர்கள்.

அப்புறம் சீர்திருத்தம் என்று டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார், எத்தனை ஆள் தேவை என்று பார்க்க. டீ கொண்டுபோன என்னிடமும் உங்களைப் பற்றி விசாரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "எங்க அண்ணாச்சி ஒத்த ஆளா எட்டுப் பேர் வேலை பாப்பாரு சார்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அடித்துவிட்டேன். அவர் சிரித்தபடி எதையோ எழுதிக்கொண்டார்.

வருஷம் முடிவதற்குள் ஏழு நாற்காலி காலி. ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் டோம்பிவிலி வீட்டிலிருந்து ரயிலேறி வந்து தனியாகத் துணி தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பேச்சுக் குறைந்துபோனது. ஒருநாள், "ஒருத்தன் போதும்னு எவன்வே சொல்லியிருப்பான்?" என்று கேட்டீர்கள்.

"யாரோ டெல்லிக்காரன் அண்ணாச்சி" என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். துட்டி கேட்க வந்த என்னிடம் மதினி, "கடைசி வரைக்கும் கூட நின்னது நீங்க மட்டுந்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ" என்றார்கள். தலையாட்டினேன்.

ஒரு பியூன் பேச்சைக் கேட்டா சர்க்கார் ஆளைக் குறைக்கும்? குறைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஊரெல்லாம் என் பேச்சுக்கு மதிப்பு என்று பீற்றித் திரிகிறவன், அன்று மட்டும் அது மதிப்பில்லாமல் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், அண்ணாச்சி.